குகை மீன் குஞ்சுக்குக் கண் தோன்றி மறைவது எப்படி?

கேள்வி – தொட்டிக்காரன்
என் தொட்டியில் மெக்சிகோக் குருட்டுக் குகை மீன்கள் குஞ்சு பொரித்துள்ளன. பெரிய மீன்களில் கண் இருக்க வேண்டிய இடத்தைத் தோல் மூடியிருக்கிறது; குஞ்சுகளையோ உருப்பெருக்கியில் பார்த்தால் தலையின் இருபுறமும் சிறு கண்கள் தெரிகின்றன, வளர வளர அவை உள்ளே இறங்கி மறைகின்றன. கண்ணை உருவாக்கும் மரபணுக்களே இவ்வினத்தில் அழிந்துவிட்டன என்று எண்ணியிருந்தேன். அப்படியானால் கண் தொடங்குவதே எப்படி?

பதில் – கருவியல் மாணவி
அவை அழியவில்லை. கருவில் விழிக்கிண்ணமும் (பின்னர் விழித்திரையாக மாறும் கிண்ண வடிவப் பகுதி) வில்லையும் (லென்ஸ்) அமைகின்றன. ஆனால் ஏறத்தாழ ஒரு நாளிலேயே வில்லையின் உயிரணுக்கள் தாமாக மடியத் தொடங்குகின்றன. மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யமமோட்டோவும் ஜெஃப்ரியும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனையில், ஆற்றில் வாழும் கண்ணுள்ள உறவு மீனின் கருவிலிருந்து வில்லையை எடுத்துக் குகை மீன் கருவின் ஒரு பக்கத்தில் மட்டும் பொருத்தினார்கள். அம்மீன் வளர்ந்தபோது ஒரு பக்கம் பெரிய கண், மறுபக்கம் வெறும் தோல்! குகை மீனின் வில்லையை ஆற்று மீனில் வைத்தபோது அந்தக் கண் சிதைந்தது. விழித்திரையின் கதை இன்னும் விசித்திரமானது: மீன்களில் அதன் ஓரத்தில் வாழ்நாள் முழுதும் புதிய உயிரணுக்கள் பிறக்கும், குகை மீனிலும் பிறக்கின்றன, பிறந்தவை மடிந்துகொண்டே இருப்பதால் திரை வளர்வதில்லை.

பதில் – நுண்ணோக்கி
வில்லையோடு நிறுத்திவிடக் கூடாது என்பது என் கருத்து. குகை மீன் கருவின் நடுக்கோட்டில் 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' மரபணு வழக்கத்தைவிட அகலமான பகுதியில் இயங்குகிறது; கருவின் உயிரணுக்களுக்குச் சமிக்ஞை அனுப்பும் மரபணு இது. அதனால், கண்ணுக்குரிய பரப்பைக் குறிக்கும் 'பாக்ஸ்6' என்ற மரபணு இயங்கும் இடம் சுருங்கி, விழிக்கிண்ணம் தொடக்கத்திலேயே சிறிதாகிறது. ஆற்று மீன் கருவில் இந்தச் சமிக்ஞையைச் செயற்கையாகக் கூட்டியபோது அங்கும் வில்லை மடிந்து கண் கெட்டதை 2004இல் காட்டினார்கள். இதே சமிக்ஞை குறைந்தால் நேர்வது வேறு. 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், சினையுற்ற ஆடுகள் ஒரு காட்டுச் செடியை மேய்ந்ததால் நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணுடன் குட்டிகள் பிறந்தன. அச்செடியின் நஞ்சு தடுப்பது ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையைத்தான் என்பது பின்னர் தெரியவந்தது.

தொட்டிக்காரன்
மிக்க நன்றி. குருட்டு மீன்கள் இரண்டை இணைத்தால் பார்வையுள்ள குஞ்சு கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா?

கருவியல் மாணவி
வெவ்வேறு குகைகளைச் சேர்ந்தவையானால் உண்மை. ஒவ்வொரு குகையிலும் பழுதுபட்ட மரபணுக்கள் முழுக்க ஒன்றல்ல என்பதால், தாயிடம் பழுதான மரபணுவுக்குப் பழுதில்லாத நகல் தந்தையிடமிருந்து வந்து சேரக்கூடும். 2008இல் போரோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் இவ்வாறு கலப்பினம் செய்தபோது குஞ்சுகளில் ஒரு பகுதி, தம்மைச் சுற்றிச் சுழன்ற கோடுகளைப் பின்தொடர்ந்து நீந்தின; அதாவது அவற்றுக்குப் பார்வை இருந்தது. உங்கள் தொட்டி மீன்கள் ஒரே குகை மீன்களின் வழிவந்தவையாக இருந்தால், இதை எதிர்பார்க்க வேண்டாம்.