மலாயா அஞ்சல்தலையில் 2602 எதைக் குறிக்கிறது?

கேள்வி: மயிலாப்பூர் வாசகர்

பினாங்கில் கணக்கராக இருந்த என் தாத்தா, போர் முடிந்தபின் ரஜூலா கப்பலில் சென்னை திரும்பினார். அவருடைய டிரங்குப் பெட்டியில் இருந்த அஞ்சல்தலைகள் சிலவற்றில், ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகத்தின்மீது ‘டாய் நிப்பான் 2602 மலாயா’ (டாய் நிப்பான் என்றால் மகா ஜப்பான்) என்று ஆங்கில எழுத்தில் கறுப்பாக அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டில் சிவப்பு முத்திரை மட்டும் உள்ளது. 2602 வரிசை எண்ணா? பகை நாட்டு மன்னரின் படத்தை, மலாயாவைப் பிடித்த ஜப்பானியர் ஏன் விட்டுவைத்தனர்? உறையோடு இருப்பவற்றைப் பிரித்து ஆல்பத்தில் வைக்கலாமா?

பதில்: அண்ணாநகர் சேகரிப்பாளர்

அது ஆண்டு. ஜப்பானின் முதல் பேரரசராகக் கருதப்படும் ஜிம்மு முடிசூடியதாகச் சொல்லப்படும் கி.மு. 660-லிருந்து கணக்கிடுவதால், 2602 என்பது நம் 1942. அவ்வாண்டு பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அஞ்சல் சேவையை விரைவில் தொடங்க வேண்டியிருந்த நிலையில், புதிய தலைகள் அச்சாகும்வரை, கைப்பற்றிய இருப்பின்மீதே முதலில் முத்திரை குத்தியும் பிறகு எழுத்துகளை அச்சிட்டும் விற்றனர். மன்னரை இழிவுபடுத்தவே அப்படிச் செய்தார்கள் என்பாரும் உண்டு. எனக்கு அது அவசரத் தேவையாகவே தோன்றுகிறது. 1943-இல் ரப்பர் பால் வெட்டுதல், ஈயம் தோண்டும் இயந்திரம் முதலிய படங்களோடு புதிய தலைகள் வந்தன. ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோன ஆண்டும் அதுதான்.

பதில்: திருவல்லிக்கேணி வாசகர்

தயவுசெய்து உறையிலிருந்து பிரிக்காதீர்கள். எந்த ஊரில், எந்த நாளில் அத்தலை செல்லுபடியானது என்பதை அஞ்சல் முத்திரைதான் சொல்லும். ஜப்பானியர் சிங்கப்பூரின் பெயரை ‘சியோனான்’ என மாற்றியதையும் அதிலேயே காணலாம். பழைய ஜார்ஜ் தலைகள் மலிவாகக் கிடைப்பதால் போலி அச்சுகள் ஏராளம் என்பதால், விற்பதாக இருந்தால் நிபுணர் ஒருவரிடம் காட்டிய பிறகே விலை பேசுங்கள். போர்க்காலத்தில் மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே சாதாரணத் தபால் நின்றுபோயிருந்தது. ஆகவே 1943-ஆம் ஆண்டு முத்திரையுடன் மதராஸ் முகவரிக்கு வந்ததாக ஓர் உறையைக் காட்டினால் சந்தேகப்படுங்கள்.

பதில்: தாம்பரம் சேகரிப்பாளர்

ஒன்றைச் சேர்க்கிறேன். கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மலாய் மாநிலங்களையும் ஜப்பான் 1943-இல் தாய்லாந்திடம் ஒப்படைத்தபின், அங்கே தாய்லாந்து ஆட்சியின் தலைகள் வந்தன. 1945-இல் திரும்பிய பிரிட்டிஷாரும் அதே ஜார்ஜ் தலைகளின்மேல் தங்கள் ராணுவ நிர்வாகத்தின் மூன்று எழுத்துச் சுருக்கத்தை அச்சிட்டே விற்றார்கள். தங்கள் உறைகளில் அலோர் ஸ்டார் (கெடாவின் தலைநகர்) அல்லது கோத்தா பாரு (கிளந்தானின் தலைநகர்) முத்திரை ஏதேனும் இருந்தால், அதன் இரு பக்கங்களையும் படமெடுத்து இங்கே இடுங்கள்.