சித்தப்பா கடலில் கண்ட வெளிச்சம் ஆதாரம் ஆகுமா?

வள்ளக்காரன் மகன்:
எங்கள் சித்தப்பா திருகோணமலை உப்புவெளியிலிருந்து முப்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். போன மாதம் ஒருநாள் விடியப்புறம் வலை இழுக்கும்போது, வடக்கே ஒரு வெளிச்சம் எழும்பி, குடை விரித்த மாதிரி அகன்று, சட்டென்று தெற்குப் பக்கம் திரும்பிப் போயிருக்கிறது. சத்தமே இல்லை. வள்ளத்தில் இருந்த நாலு பேரும் பார்த்தார்கள். வேற்றுக்கிரகவாசிகள் வந்து போனார்கள் என்பதற்கு இது ஆதாரம் இல்லை என்றால் வேறு எதுதான் ஆதாரம்?

பௌதிகம் மாஸ்டர்:
தம்பி, சித்தப்பா பொய் சொல்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. வெளிச்சம் வந்ததற்கு அவர் சாட்சி. உள்ளே யார் இருந்தார்கள் என்பதற்கு எப்படிச் சாட்சி ஆவார்? எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாவிட்டால், வேகமும் தெரியாது, அளவும் தெரியாது. அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகமான பென்டகன் 2020இல் வெளியிட்ட வீடியோக்களில் ஒன்றில் ஏதோ ஒரு பொருள் கடலை ஒட்டிப் பாய்ந்து போவதுபோல் இருக்கும். 2023இல் நாசாவின் குழு கணக்குப் பார்த்தபோது அது மணிக்கு 40 மைல் அளவில்தான் போனது. பார்த்தவர்களின் விமானம்தான் வேகமாகப் போயிருக்கிறது.

வள்ளக்காரன் மகன்:
படித்தவர்கள் எப்போதும் இப்படித்தான். வானத்திலிருந்து கல் விழுந்தது என்று கிராமத்துச் சனம் சொன்னபோதும் ஐரோப்பிய அறிஞர்கள் பலர் சிரித்தார்கள். 1803இல் பிரான்சில் லேய்கில் என்ற ஊரில் கல்மழை பெய்த பிறகுதான் வாயை மூடினார்கள். கடைசியில் யார் சொன்னது சரி?

பௌதிகம் மாஸ்டர்:
நல்ல உதாரணம். ஆனால் அது என் பக்கத்து உதாரணம். அங்கே விசாரிக்கப் போன பிரெஞ்சு விஞ்ஞானி பியோ சாட்சிகளை எண்ணிவிட்டுத் திரும்பவில்லை. ஒருவரையொருவர் அறியாதவர்களைத் தனித்தனியாகக் கேட்டார். 2,000க்கு மேற்பட்ட கற்கள் விழுந்த இடங்களைக் குறித்தார், அவை நீள்வட்டமாக அமைந்தன. அந்தப் பகுதிப் பாறைகளில் அப்படிப்பட்ட கல் இல்லை என்பதையும் பார்த்தார். சனம் சொன்னதைக் கல் உறுதிப்படுத்தியது. எங்கள் ஊரையே எடுங்கள். 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கோணமலை அடியில் கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டார்கள். நம்பாதவன் இன்றைக்கும் மூழ்கிப் பார்க்கலாம்.

மூதூர்க்காரி:
கல் இருந்தால் மட்டும் போதுமா சேர்? 2012 டிசம்பர் 29இல் பொலனறுவைப் பக்கம் நெருப்புக் கோளம் தெரிந்தது. பிறகு எடுத்த கற்களுக்குள் டயாட்டம் என்ற நுண்பாசி இருக்கிறது, அது விண்வெளி உயிர் என்று விஞ்ஞானி சந்திரா விக்கிரமசிங்க குழு சொன்னது. அந்தப் பாசி எங்கள் குளத்து நன்னீரில் இருக்கிற இனம்தான், அந்தக் கல் விண்கல்லே இல்லை என்று மற்றவர்கள் மறுத்தார்கள். வயலில் கிடந்த கல்லுக்குள் குளத்துப் பாசி. அதற்கு விண்வெளி வரைக்கும் போக வேண்டுமா?

வள்ளக்காரன் மகன்:
பார்த்தீர்களா அக்கா! ஆள் சொன்னால் கல் கேட்பார்கள். கல் கொடுத்தால் வேறு கல் கேட்பார்கள். எதைக் கொடுத்தால் ஒப்புக்கொள்வீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

பௌதிகம் மாஸ்டர்:
நியாயமான கேள்வி. ஒரு துண்டு உலோகம் கொடுங்கள். அதன் ஐசோடோப்பு விகிதம், அதாவது ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுக்கள் கலந்திருக்கும் அளவு, சூரியக் குடும்பத்தின் எந்தப் பொருளோடும் ஒத்துவராமல் இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆய்வுகூடங்கள் சோதித்து ஒரே விடையைச் சொன்னால், அடுத்த நாளே நான் கட்சி மாறுவேன். இல்லாவிட்டால் வருவதை முன்கூட்டிச் சொல்லுங்கள். 2015 நவம்பர் 13இல் இலங்கையின் தென்கடலுக்கு மேல் ஒரு விண்குப்பை எரிந்து விழுந்தது. நாளும் நேரமும் முன்பே கணித்திருந்தபடியால் விஞ்ஞானிகள் விமானத்தில் போய்ப் படமெடுத்தார்கள்.

இன்னொன்று. இந்தியா ரொக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா எங்களுக்கு ஏறக்குறைய நேர் வடக்கே இருக்கிறது. துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குப் போகும் ரொக்கெட் நேரே தெற்கே வந்தால் இலங்கைக்கு மேலாகப் பறக்க வேண்டும். அதனால் முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு தெற்கே திரும்பும். விடியும் முன் ஏவினால் அதன் புகையில் மேலே வெயில் படும், கீழே இருட்டாக இருக்கும். அப்போது அந்தப் புகை குடை விரித்த மாதிரித்தான் தெரியும். சித்தப்பா கண்டது எந்தத் திகதி?

வள்ளக்காரன் மகன்:
திரும்பியது என்று சொன்னேன்தான்… திகதி சரியாகத் தெரியாது. சித்தி மீன் கணக்கு எழுதும் கொப்பியில் இருக்கும், அன்றைக்குச் சூரை நிறையப் பட்டது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அன்றைக்கு ரொக்கெட் ஏவவில்லை என்று வந்தால் என்ன சொல்வீர்கள் மாஸ்டர்?

பௌதிகம் மாஸ்டர்:
அடுத்த கேள்வியைக் கேட்பேன். முதலில் கொப்பியை எடுங்கள்.

மூதூர்க்காரி:
அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துப் போடுங்கள் தம்பி. சித்தியிடம் யார் யார் கடன் வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் மறைத்துவிடுங்கள்.