பிளானிங் கமிஷன்ல சேரலாமா? கலிபோர்னியா போன நம்ம செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு

பள்ளத்தூர் தங்கச்சி ஒருத்தவுக கேட்டிருந்தாக, "அண்ணே, எங்க சிட்டியில பிளானிங் கமிஷனுக்கு ஆள் எடுக்குறாங்களாம், சம்பளம் கிடையாதாம், நாங்க வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, நம்மள்லாம் போடலாமா, போட்டா விசாவுக்கு எதுவும் வம்பு வருமா"ன்னு. இதே கேள்விய வேற ரெண்டு மூணு பேரும் கேட்டதால எல்லாருக்கும் சேத்து இங்கயே எழுதுறேன். நானும் அங்க ஒரு சின்ன சிட்டியில அந்த நாற்காலியில உக்காந்துட்டு இப்ப காரைக்குடிக்கே திரும்பி வந்துட்டவன்தான்.

மொதல்ல அது என்னன்னு. பெரும்பாலும் 5 பேரோ 7 பேரோ, சிட்டி கவுன்சில் நியமிக்கும், மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு சாயங்காலம் மீட்டிங். எந்த இடத்துல கடை வரலாம், எங்க அபார்ட்மெண்ட் வரலாம், ஊர் எப்படி வளரணும்ங்கிற ஜெனரல் பிளான மாத்தலாமா, கோயில் பள்ளிக்கூடம் மாதிரி தனி பர்மிட் வேணுங்கிறதுக்கு என்ன நிபந்தனை போடலாம், இதுதான் வேலை. சிலதுல கமிஷனே முடிவு சொல்லும், பிடிக்காதவுக கவுன்சிலுக்கு அப்பீல் போவாக, ஸோனிங் (எந்த இடத்துல என்ன கட்டலாம்ங்கிற விதி) மாத்துற மாதிரி விஷயத்துல நாம சிபாரிசுதான், கடைசி வார்த்தை கவுன்சிலோடது. மேடையில உக்காந்து பேசுறதுதான் வேலைன்னு நினைச்சுப் போகாதீங்க, ஸ்டாஃப் ரிப்போர்ட்டுன்னு கத்தை கத்தையா வரும், அத ராத்திரி உக்காந்து படிக்கிறதுதான் நிஜ வேலை.

விசா சமாச்சாரம். கலிபோர்னியாவுல 2019ல ஒரு சட்டம் போட்டாங்க, எஸ்பி 225ன்னு, 18 வயசாகி அந்த மாநிலத்துல குடியிருக்கிறவரு யாரா இருந்தாலும், குடியுரிமை இல்லைன்னாலும், நியமனப் பதவியில இருக்கலாம்னு. ஆனா சில சிட்டியோட சொந்த விதியில பதிவு பண்ணின வாக்காளரா இருக்கணும்னு இருக்கும், வேற மாநிலத்துலயும் அப்படி நிறைய இருக்கு. அதனால விண்ணப்பத்துல "வாக்காளரா?"ன்னு கேட்டிருந்தா இல்லைன்னா இல்லைன்னுதான் எழுதணும், பதவிக்காக ஓட்டர் லிஸ்ட்டுல பேர் சேத்துடாதீங்க, தெரியாம கூட. குடியுரிமை இருக்குன்னு பொய்யா சொன்னதா ஆயிட்டா கிரீன் கார்டே கெட்டுப்போகும், நாடு கடத்துற அளவுக்குப் போகும். டிஎம்வியில லைசென்ஸ் எடுக்கும்போது வர்ற ஓட்டர் கேள்வியிலயும் இதே கவனம் வேணும். சில சிட்டியில மீட்டிங்குக்கு இவ்வளவுன்னு சின்னதா ஒரு தொகை கொடுப்பாக, எச்1பி வேலை விசாவுல இருக்கவுக அதக் கையில வாங்குறதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் வக்கீல்ட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

இப்ப நான் நிஜமா சொல்ல வந்தது. நம்ம ஊர் ஆளுங்களுக்கு இந்த வேலை புதுசில்ல. நகரக் கூட்டம், அதான் நகரத்தாரோட ஊர்க்கூட்டம், பாத்து வளந்தவுக நாம, ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான குடும்பத்துக்கு) வரி உண்டு, எந்திருச்சுக் கேள்வி கேக்க உரிமை உண்டு, காரியக்காரவுக கணக்குச் சொல்லணும். கூட்டத்துல மரியாதையா மறுத்துப் பேசுறது, முடிவாயிட்டா ஒத்துப்போறது, இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேணாம். ஆனா ஒரு பழக்கத்த மட்டும் ஏர்போர்ட்லயே எறக்கி வச்சிட்டுப் போங்க. நம்மூர்ல கூட்டத்துக்கு முந்தின நாளே பெரியவுக நாலு பேர் திண்ணையில உக்காந்து பேசி முடிச்சிடுவாக, மறுநாள் கூட்டம் சும்மா சம்பிரதாயம், அதுல ஒரு நன்மையும் இருக்கு, யாரும் சபையில மூஞ்சி சுண்டிப் போகவேண்டியதில்ல. கலிபோர்னியாவுல அந்தத் திண்ணைப் பேச்சே சட்டப்படி தப்பு. பிரவுன் ஆக்ட்னு 1953ல போட்ட சட்டம். பெரும்பான்மை உறுப்பினருங்க கூட்டத்துக்கு வெளியில அந்த விஷயத்தப் பேசக் கூடாது. 5 பேர் கமிஷன்னா 3 பேர் பெரும்பான்மை, அப்ப நீங்க ஒருத்தர்ட்ட பேசி அவர் இன்னொருத்தர்ட்ட பேசினாலே கணக்கு முடிஞ்சு போச்சு. வாட்ஸப் குரூப்பு, ஈமெயில்ல எல்லாருக்கும் ரிப்ளை, எல்லாம் இதுல சேத்தி. ஃபேஸ்புக்ல இன்னொரு கமிஷனர் ஊர் விஷயமா போட்ட போஸ்ட்டுக்கு லைக் கூட போடக் கூடாது, இத நம்ம ஆளுங்கட்ட சொன்னா சிரிக்கிறாக. அஜெண்டாவையும் வழக்கமான மீட்டிங்னா 72 மணி நேரம் முன்னாடி ஒட்டியாகணும், அதுல இல்லாதத அன்னைக்குத் திடீர்னு எடுத்து முடிவு பண்ண முடியாது.

அடுத்து ஃபார்ம் 700, நம்ம சொத்து வருமானத்தக் காட்டுற படிவம். இதப் பாத்துட்டுத்தான் பாதிப் பேர் பின்வாங்குவாக. பதவி ஏத்த 30 நாளுக்குள்ள போடணும், அப்புறம் வருஷா வருஷம். அந்த ஊர்ல தொழில் பண்ற கம்பெனியில 2000 டாலரோ அதுக்கு மேலயோ பங்கு இருந்தா எழுதணும் (ஐடியில இருக்கவுக கம்பெனி ஷேர மறந்துடுவீக), வீட்டுக்காரர் இல்ல வீட்டம்மா வருமானமும் இதுல வரும், ஒரே ஆள்ட்ட இருந்து மொத்தம் 50 டாலரோ அதுக்கு மேலயோ பரிசு வந்தா அதையும் காட்டணும். பில்டர் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டாந்தா சிரிச்ச முகமா திருப்பிக் கொடுத்துடுங்க. யார் வேணும்னாலும் அந்த ஃபார்ம வாங்கிப் படிக்கலாம். நம்ம சொத்துல இருந்து 500 அடிக்குள்ள ஒரு பிராஜெக்ட் வந்துச்சுன்னா ஓட்டுப் போடாம ஒதுங்கிக்கிறதுதான் வழக்கம், சந்தேகம்னா சிட்டி வக்கீல கேளுங்க, அவருக்கு அதுதான் வேலை.

கோயில் விஷயம் தனியா சொல்லணும், ஏன்னா நம்ம ஆளுங்க சிட்டி ஹால் பக்கம் மொத மொதல்ல வர்றதே கோயில் பர்மிட் கேக்குற அன்னைக்குத்தான். ஹால் நெறைய பட்டுச் சேலையும் வேட்டியுமா வந்து ஒவ்வொருத்தரா மைக்ல "எங்களுக்குக் கோயில் வேணும்"னு சொல்லுவாக. தலைக்கு மூணு நிமிஷம் கொடுப்பாக, பல ஊர்ல அதுதான் அளவு. கேக்க உருக்கமாத்தான் இருக்கும், ஆனா கமிஷனுக்கு அதுல எழுதிக்க ஒண்ணும் இல்ல. வழிபாட்டு இடங்கள ஸோனிங்ல ஓரவஞ்சனை பண்ணக் கூடாதுன்னு 2000லயே மத்திய சட்டம் இருக்கு, ஆர்எல்யுஐபிஏன்னு பேரு. அதனால பேச்சு பக்தியப் பத்தி இல்ல, பார்க்கிங்கப் பத்தி. திருவிழா அன்னைக்கு எத்தனை கார், எங்க நிறுத்துவீக, ராத்திரி எத்தனை மணிக்கு முடியும், வெளியில ஸ்பீக்கர் உண்டா. பிள்ளையார்பட்டி சதுர்த்திக் கூட்டத்தப் பாத்தவனுக்கு 200 கார் ஒரு விஷயமாவே தெரியாது, எதிர்வீட்டுல இருக்கிற வயசானவருக்கு அது தூக்கம் கெடுற சமாச்சாரம். முப்பது பேர் வேணும்னு சொல்றதவிட ஒருத்தர் போய் "பக்கத்து ஆபீஸ் பார்க்கிங்க வார இறுதிக்கு எழுத்துல வாங்கியிருக்கோம்"னு காகிதத்த நீட்டினா வேலை நடக்கும்.

இன்னொண்ணு, ஹியரிங் நோட்டீஸ் பெரும்பாலும் 300 அடிக்குள்ள இருக்கிற சொத்துக்காரவுகளுக்குத்தான் தபால்ல வரும், வாடகைக்கு இருக்கவுக சிட்டி வெப்சைட்ட அப்பப்ப பாத்துக்கணும். அப்புறம் ஆத்தா அப்பச்சி வந்தா தங்கறதுக்குக் கொல்லையில சின்னதா வீடு கட்டணும்னு கேக்குறவுகளுக்கு, ஏடியூன்னு சொல்ற அந்த வீடு கமிஷனுக்கே வராது, விதிக்குள்ள இருந்தா முழு விண்ணப்பம் போட்ட 60 நாளுக்குள்ள ஆபீஸ்லயே முடிக்கணும்.

பிளானிங் கமிஷன் எடம் கெடைக்கிறது கஷ்டம், மொதல்ல நூலகம், பூங்கா கமிட்டிகள்ல சேருங்க. பழைய கட்டடங்களப் பாக்குற ஹெரிடேஜ் கமிஷனும் பல ஊர்ல உண்டு. கானாடுகாத்தான் மாதிரி தெருவுக்குத் தெரு வாசல் வச்ச வீட்டுல வளந்தவுகளுக்கு, பர்மா தேக்குத் தூணப் பிரிச்சு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமானா விக்கிறதப் பாத்து வயிறு எரிஞ்சவுகளுக்கு, அதுதான் சரியான எடம்னு நான் நினைக்கிறேன். எதுக்குப் போட்டாலும் முன்னாடி கொஞ்ச மாசம் மீட்டிங்ல பின் வரிசையில உக்காந்து கேளுங்க, இன்டர்வியூல கவுன்சில்காரவுக மொதல்ல கேக்குறதே "எங்க மீட்டிங்குக்கு வந்திருக்கீங்களா"ன்னுதான்.

தேவகோட்டை தம்பி லண்டனப் பத்திக் கேட்டிருந்தீங்க. அங்க கதை வேற, பிளானிங் கமிட்டியில உக்கார்றவுக ஜெயிச்சு வந்த கவுன்சிலருங்க, விண்ணப்பம் போட்டு வர முடியாது. ஆனா காமன்வெல்த்துங்கிறதால இந்திய பாஸ்போர்ட் வச்சுக்கிட்டே அங்க ஓட்டுப் போடலாம், நிரந்தரமா தங்குற அனுமதி இருந்தா கவுன்சில் எலக்‌ஷன்லயே நிக்கலாம். மொதல்ல ஓட்டர் லிஸ்ட்டுல பேர் சேருங்க தம்பி, அங்க அது தப்பில்ல.