புதுப்பிப்பு: சூடானதும் நின்றுபோன அம்பாசடர் (1489 சிசி பெட்ரோல்), காரணம் கண்டென்சர்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. என்ஜின் சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது என்று கேட்டிருந்தேன். பலர் பெட்ரோல் பம்பைச் சொன்னீர்கள். "நின்ற உடனே ஸ்பார்க்கைப் பாருங்க" என்ற யோசனைதான் பலித்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் இருந்தது. இக்னிஷன் காயில் (ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) வயரில் ஸ்பார்க் மஞ்சளாக, மெலிந்து வந்தது. சிபி பாயிண்டில் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் முனைகள்) ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு. அந்த முனைகளில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சர் கெட்டதன் அடையாளம் இது.

கண்டென்சர், பாயிண்ட் இரண்டையும் மாற்றி, பாயிண்ட் முழுதாகத் திறக்கும் இடத்தில் இடைவெளி 0.40 மி.மீ. வைத்தேன். இடைவெளி மாறினால் டைமிங்கும் (ஸ்பார்க் வரும் நேரம்) மாறும், அதையும் பார்த்துவிடுங்கள்.

எதிர்பாராதது ஒன்று: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் பாகம்) பாயிண்ட் உட்காரும் பேஸ் பிளேட்டின் எர்த் வயர் இரண்டே இழையில் தொங்கியது. பிளேட் அசைந்துகொண்டே இருப்பதால் கெட்டி வயர் ஒடிந்துவிடும். மெல்லிய பல இழை வயர்தான் போடணும். இப்போது உச்சி வெயிலிலும் நிற்பதில்லை.