நேற்று வந்த சேனல் இன்று காணோம்: லினக்ஸில் யூஎஸ்பி டிஷ் ட்யூனர் அனுபவங்கள்

தங்கச்சிமடத்துக்காரன்:

மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அப்பா வீட்டில்தான். செட்டாப் பாக்ஸ் இடி விழுந்த அன்றே போய்விட்டது. என்னிடம் கிடந்த யூஎஸ்பி ட்யூனரைப் பழைய லேப்டாப்பில் மாட்டி, உபுண்டு லினக்ஸில் டிடி ஃப்ரீ டிஷ் எடுத்துக் கொடுத்தேன். முதல் நாள் அருமையாக ஓடியது. மறுநாள் மதியம் கரண்ட் போய் வந்தது, அப்புறம் ஒரு சேனலும் இல்லை.

யூஎஸ்பியில் செருகியதைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை போட்டால் ட்யூனர் தெரிகிறது. ட்யூனருக்கு லினக்ஸ் உருவாக்கும் அடாப்டர்0, ஃப்ரண்ட்எண்ட்0 எல்லாம் இருக்கிறது. ஸ்கேன் போட்டால், சிக்னல் பிடிபட்டது என்று காட்டும் லாக் மட்டும் இல்லை. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருந்ததால் கரண்ட் போனதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. டிஷ்தான் அசைந்திருக்கும் என்று, அதை வைத்துக் கொடுத்த அண்ணனுக்குப் போன் அடித்தேன். "கச்சான் காத்துக்கே அசையாம வச்சிருக்கேன் தம்பி, வேற எங்கயாச்சும் பாருங்க" என்றார். போல்ட்டை ஒழுங்காக முறுக்காமல் போய்விட்டு என்னிடம் கதை சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை, போனை வைத்துவிட்டார். அந்த அமைதிதான் இன்னும் காதில் இருக்கிறது.

மூன்று நாள் மாடியில் ஏறி டிஷ்ஷைத் திருப்பினேன். அப்பா கீழே உட்கார்ந்து "நேத்து வந்துச்சேப்பா, நேத்து வந்துச்சே" என்கிறார். மூன்றாம் நாள் ராத்திரி லினக்ஸின் உள்பதிவைக் காட்டும் டிமெஸ்ஜியைப் பக்கத்தில் ஓடவிட்டு ஸ்கேன் போட்டபோதுதான் அந்த வரி வந்தது: ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை, பிழை -2. ஃபர்ம்வேர் என்றால் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய மென்பொருள், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று அர்த்தம். என் ட்யூனரில் இருப்பது எம்88டிஎஸ்3103 சிப். அதற்கான ஃபர்ம்வேரை ட்யூனரைச் செருகும்போது கேட்காது, ஃப்ரண்ட்எண்டைத் திறக்கும்போதுதான் கேட்கும். அதனால்தான் மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரிந்தது. முதல் நாள் எப்படி ஓடியது என்றால், அன்று காலை அதே லேப்டாப்பில் விண்டோஸில் சோதித்துப் பார்த்துவிட்டு ரீபூட் செய்து உபுண்டுவுக்கு வந்திருக்கிறேன். விண்டோஸ் ஏற்றிய ஃபர்ம்வேர், ட்யூனரின் 12 வோல்ட் பவர் அடாப்டர் அணையாத வரை சிப்புக்குள்ளேயே இருந்திருக்கிறது. கரண்ட் போனது, அதுவும் போனது.

ஃபைலை லிப் ஃபர்ம்வேர் ஃபோல்டரில் போட்டதும் ஏறிவிட்டது. ஆனால் டிஷ் இப்போது நான் திருப்பி வைத்த இடத்தில் நிற்கிறது, பழைய இடத்தைப் பிடிக்க இன்னும் அரை நாள் ஆனது.

தொண்டி வாசி:

ஃபர்ம்வேர் எல்லாம் அப்புறம். முதலில் பார்க்க வேண்டியது பவர் அடாப்டர். எனக்குப் பாதி சேனல் வரும், பாதி வராது. லினக்ஸின் மையமான கர்னலை மாற்றினேன், டிரைவரை மறுபடி கம்பைல் செய்தேன், ஒரு வாரம் போனது. கடைசியில் மல்டிமீட்டரை எடுத்து ட்யூனரின் எல்என்பி வாயில் வைத்தேன். எல்என்பி என்பது டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்குவது, வெர்டிகல், ஹரிசாண்டல் என்ற இரண்டு வகை அலையில் எதை எடுக்க வேண்டும் என்று அதற்கு வோல்ட்டில்தான் சொல்வது. வெர்டிகலுக்கு 13 வோல்ட் சரியாக வருகிறது. ஹரிசாண்டலுக்கு 18 வர வேண்டிய இடத்தில், எல்என்பியை இணைத்ததும் 14-க்கு இறங்குகிறது. 14-ஐ எல்என்பி வெர்டிகல் என்றுதான் எடுத்துக்கொள்ளும். வீட்டில் யாரோ மோடம் அடாப்டரையும் ட்யூனர் அடாப்டரையும் மாற்றிச் செருகியிருக்கிறார்கள். இரண்டும் 12 வோல்ட், ஒரே பின், மோடத்துடையது அரை ஆம்பியர்தான். மீட்டரில் அந்த 14-ஐப் பார்த்த நிமிடம் எனக்கு மறக்காது.

பாம்பன் பக்கம்:

நீங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குள்ளேயே தேடுகிறீர்கள். கடலோரத்தில் முதல் எதிரி உப்பு. எங்கள் வீட்டில் பகலில் சிக்னல் நன்றாக இருக்கும், விடியற்காலை போய்விடும். லினக்ஸ் நேரப் பிரச்சினை, யூஎஸ்பி தூங்கிவிடுகிறது, என்னென்னவோ சொன்னார்கள், ஆட்டோசஸ்பெண்டையும் அணைத்துப் பார்த்தேன். ஒரு நாள் ட்யூனரிலிருந்து கேபிளைக் கழற்றினேன், நுனியிலிருந்து ஒரு சொட்டு தண்ணீர் என் கையில் விழுந்தது. வீட்டுக்குள்! மாடியில் எல்என்பி பக்கத்தில், கேபிள் நுனியில் மாட்டும் எஃப் பின்னில் இறங்கிய பனி, கேபிளின் வலை வழியாகவே 15 மீட்டர் நடந்து வந்திருக்கிறது. நாக்கில் வைத்தேன், கரித்தது. மேலே போய்ப் பார்த்தால் எஃப் பின் பச்சை பிடித்து, நடுக்கம்பி துருவேறி நின்றது. செம்பு என்று நினைத்திருந்தேன், உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு.

கேணிக்கரை:

பாம்பன் நண்பர் சொல்வதில் ஒன்றை ஒத்துக்கொள்ள மாட்டேன். உப்பு எல்லாருக்கும் பொது. அதைச் சொல்லிவிட்டால் டிமெஸ்ஜி பார்க்காமலே எல்லாரும் மாடிக்கு ஏறுவார்கள், தங்கச்சிமடத்துத் தம்பிக்கு நடந்தது அதுதான். என் கதை சின்னது: சேனல் திடீரென்று நின்றது, கேபிளை வெட்டிப் புது பின் போட்டேன், வரவில்லை, பத்து நிமிடத்தில் தானாக வந்தது. செப்டம்பர் கடைசி, காலை 11 மணி. சூரியன் சரியாக செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறது. மார்ச் நடுவிலும் சில நாள் இப்படி வரும்.

கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் இருப்பது கிழக்கே 93.5 பாகையில். ராமநாதபுரத்திலிருந்து அது தென்கிழக்கில், ஏறக்குறைய 70 பாகை உயரத்தில். டிஷ்ஷின் முகம் அவ்வளவு வானத்தைப் பார்க்காது, எல்என்பி நடுவில் இல்லாமல் தள்ளி நிற்கும் ஆஃப்செட் டிஷ் என்பதால் இருபதுக்கு மேல் பாகை தாழ்ந்து நிற்பதுபோலத் தெரியும், அதைப் பார்த்துத் தப்பு என்று நிமிர்த்திவிடாதீர்கள். அடுத்தது, டிவிஹெட்எண்ட் என்ற டிவி புரோகிராம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் ஃப்ரண்ட்எண்டை அது பிடித்துக்கொள்ளும், வேறு எதில் ஸ்கேன் போட்டாலும் டிவைஸ் பிஸி என்றுதான் வரும், முதலில் அதை நிறுத்துங்கள். உங்கள் யூசர், ட்யூனரைத் திறக்க அனுமதி உள்ள வீடியோ குரூப்பில் இருக்கிறாரா என்று பாருங்கள். ஸ்கேன் போடும்போது எல்என்பி வகையை யுனிவர்சல் என்று கொடுங்கள், கொடுக்காமல் விட்டால் எல்என்பியின் 9750, 10600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக் கணக்கு அதற்குத் தெரியாது. டிரைவரைத் தனியாகக் கம்பைல் செய்தவர்கள் கர்னல் அப்டேட் வந்த மறுநாள் அழாதீர்கள், மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதுதான். ராஸ்பெர்ரி பை 3 என்ற சின்னக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஈதர்நெட்டும் யூஎஸ்பியும் உள்ளே ஒரே யூஎஸ்பி 2.0 பாதையில்தான் போகின்றன, படம் கட்டம் கட்டமாக உடைந்தால் டிஷ்ஷைக் குறை சொல்ல வேண்டாம்.

கீழக்கரை:

அந்த ராஸ்பெர்ரி பை ஆள் நான்தான். வாப்பாவுக்கு இரண்டு அறைக்கும் ஒரே ட்யூனர் என்று ஈதர்நெட்டில் அனுப்பினேன். செய்தி வாசிப்பவர் முகம் பாதியில் உடைந்து நிற்கும், குரல் மட்டும் போகும். வாப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், "பரவாயில்ல, ரேடியோ மாதிரி இருக்கு" என்பார். பை 4-க்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. மாற்றும்போது வாப்பா இல்லை.

தங்கச்சிமடத்துக்காரன்:

கீழக்கரை அண்ணன் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கேணிக்கரை ஐயா, செப்டம்பர் விஷயம் எனக்குப் புதிது, நன்றி. தடைக்காலம் முடிந்து அப்பா கடலுக்குப் போய்விட்டார், டிவி சும்மாதான் கிடக்கிறது. எங்கள் எஃப் பின்னையும் பார்த்தேன், பச்சை பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. நாலு பின்னும் ரப்பர் டேப்பும் வாங்க வேண்டும். நம் பக்கத்தில் அது டிஷ் வைத்துக் கொடுத்த அந்த அண்ணன் கடையில்தான் கிடைக்கும். நாளைக்குப் போகிறேன்.