ரஷ்ய எரிவாயு நின்ற பிறகு: நேரில் கண்டதைப் பகிருங்கள்

லைப்சிக்வாசி
மாத எரிவாயுத் தவணை 95 யூரோவிலிருந்து 240 யூரோவாக உயரும் என்ற கடிதம் எங்கள் கட்டடத்துக்கு வந்த வாரம் அது, 2022 அக்டோபர். கீழ்த்தளத்துப் பெரியவர் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துக் காட்டினார். மார்பளவு உயரமுள்ள குழாயின் மேல், பற்றவைப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்த இளைஞர் அவர்தான். 1970களில் கிழக்கு ஜெர்மனி தன் இளைஞர்களை உக்ரைனுக்கு அனுப்பிப் போடவைத்த சோவியத் குழாய் அது. அங்கே தனக்குச் சோறு போட்ட குடும்பத்தின் ஊரில் குண்டு விழுந்ததைச் சொன்னபோது அவர் குரல் கம்மியது. அதே மூச்சில், ரஷ்யாவிலிருந்து பால்டிக் கடலடியில் ஜெர்மனிக்கு எரிவாயு கொண்டுவந்த நார்ட் ஸ்ட்ரீம் குழாயைத் திறக்கச் சொல்லித் திங்கட்கிழமை ஊர்வலத்துக்குப் போவதாகவும் சொன்னார். நான் வாயே திறக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வில்னியஸ் மாணவி
அண்ணா, எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. இறக்குமதி எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவிடம் வாங்கிய ஜெர்மனியை இங்குள்ளவர்கள் ஆண்டுக்கணக்காக எச்சரித்தார்கள். லித்துவேனியா 2014இலேயே கிளைபேடா துறைமுகத்தில் திரவ எரிவாயுக் கப்பலை நிறுத்தி, அதற்குச் 'சுதந்திரம்' என்றே பெயரிட்டது. மின்சாரம் மட்டும் பாக்கி இருந்தது. ரஷ்யத் தொகுப்புடன் இணைந்திருந்த எங்கள் மின்தொகுப்பின் அதிர்வெண்ணை மாஸ்கோவே கட்டுப்படுத்தியது. 2025 பிப்ரவரி 8 காலை அந்த இணைப்பைத் துண்டித்தபோது, வீட்டுக்காரம்மா குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, கையில் டார்ச்சுடன் விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விளக்கு ஒருமுறைகூட மினுங்கவில்லை. மறுநாள் போலந்து வழியாக ஐரோப்பியத் தொகுப்புடன் இணைந்த பிறகும் அவர் அந்தத் தண்ணீரைத் திறந்துவிடவில்லை.

புடாபெஸ்ட்காரன்
தங்கச்சி, கடல் உள்ள நாட்டில் இருந்துகொண்டு கப்பலைப் பற்றிப் பேசுவது எளிது. ஹங்கேரிக்கு எண்ணெய் ரஷ்யாவிலிருந்து துருஷ்பா என்ற குழாயில் வருகிறது. கடலில்லாத செக் குடியரசு 2025இல் ரஷ்ய எண்ணெயை விட்டதே என்று கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். இத்தாலியிலிருந்து வரும் குழாயின் கொள்ளளவைக் கூட்ட அவர்கள் பணம் போட்டார்கள். இங்கே அரசு விளம்பரப் பலகைகளுக்குப் போட்டது. 2022 இலையுதிர் காலத்தில், பிரஸ்ஸல்ஸின் (ஐரோப்பிய ஒன்றியத்தின்) தடைகள் நம்மை அழிக்கின்றன என்று வெடிகுண்டுப் படத்துடன் வைத்த பலகையின் கீழ் நானும் சக ஊழியரும் பேருந்துக்கு நின்றோம். அவர் அதை நிமிர்ந்தும் பார்க்காமல், மானிய விலையில் எரிவாயு வந்துகொண்டிருக்கும் வரை என் வாக்கு மாறாது என்றார்.

ஹம்பர்க் பொறியாளர்
என் அனுபவம் சிறியது: அந்தக் குளிர்காலத்தில் அரசு அலுவலகங்களுக்கு 19 டிகிரி உச்சவரம்பு, மேல்கோட்டுடன் தட்டச்சு செய்தேன். லைப்சிக் அண்ணா, அவரிடம் நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது வேறு. நார்ட் ஸ்ட்ரீம் குழாய் வெடித்தது 2022 செப்டம்பர் 26. எரிவாயுவை ரஷ்யா ஆகஸ்ட் இறுதியிலேயே நிறுத்திவிட்டது. ஜூனில் 40 விழுக்காடாகவும், ஜூலையில் 20 ஆகவும் குறைத்தது. அதற்கும் முன்பே, போர் தொடங்காத 2021 குளிர்காலத்தில், ரஷ்ய அரசு எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் வசமிருந்த ரேடன் சேமிப்புக் கிடங்கு, ஜெர்மனியிலேயே பெரியது, ஏறத்தாழக் காலியாகக் கிடந்தது. தேதிகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வாதாடாதீர்கள், இந்த வயதில் வாதம் ஏறாது.

லைப்சிக்வாசி
எழுதிக் கொடுத்தேன், தம்பி. படித்துவிட்டு, "குழாய் போட்டவனுக்கு வால்வு யார் பக்கம் இருக்கிறது என்று தெரியாதா?" என்று கேட்டார். அடுத்த திங்களும் ஊர்வலத்துக்குப் போனார்.