புதுப்பிப்பு: ஃபில்டரைக் கழுவி நான் கெடுத்த மீன் தொட்டி, 24ஆம் நாள்

ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழிந்து கழுவிவிட்டேன், மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை அகற்றும் பாக்டீரியா அதில் செத்துப்போய், நான்காம் நாளே அம்மோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு), கோல்டுஃபிஷ் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன என்று எழுதியிருந்தேன் அல்லவா? இரண்டும் பிழைத்துவிட்டன.

பெரிதும் கைகொடுத்தது நண்பர் தொட்டியிலிருந்து வாங்கிய பழைய ஸ்பாஞ்ச்தான். காயவிடாமல், அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே போட்டுக் கொண்டுவந்து என் ஃபில்டருக்குள் வைத்தேன். பழுப்பாக, வழவழவென்று இருந்தது. அந்த வழவழப்பில்தான் அந்த பாக்டீரியா குடியிருக்கிறது. தினமும் கால்வாசித் தண்ணீரைக் குளோரின் நீக்கி மாற்றினேன். தீனி ஒருநாள் விட்டு ஒருநாள்.

ஒன்பதாம் நாள் அம்மோனியா இறங்கியது, ஆனால் நைட்ரைட் சரசரவென்று ஏறியது. நெஞ்சு பதறிவிட்டது. அப்புறம்தான் புரிந்தது: அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் பாக்டீரியா முதலில் பெருகுகிறது, அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும் நைட்ரோஸ்பைரா என்ற பாக்டீரியா மெதுவாகத்தான் வருகிறது. நைட்ரைட் மீனின் இரத்தத்தில் ஆக்சிஜன் சேரவிடாது என்பதால் ஏர் பம்ப்பை இரவும் பகலும் ஓடவிட்டேன்.

நேற்று மாலை சோதித்தேன். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் 20 பிபிஎம். இனி ஸ்பாஞ்சை அலசுவது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும்தான்.